கொப்பை எடுத்த கை

2025 ஜனவரி 22, புதன்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. விடியலில் படர்ந்திருந்த பனிமூட்டம் எட்டு மணிக்குள் கலைந்துவிட்டது. காற்று அதிகமில்லை. மலையில் நடப்பதற்கு ஆண்டு முழுவதும் தேடினாலும் அதைவிடச் சிறந்த நாள் அமையாது.

ஐயா, எழுதுவதற்குத் தாளும் பேனாவும் தந்தமைக்கு முதற்கண் நன்றி. நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாக ஏட்டையா கூறினார். அவருடைய கையெழுத்து அழகானதே. ஆயினும் இதை நான் எழுதுவதுதான் முறை என்று கருதினேன். கிளமெண்ட் அவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி அவருடைய மகளும், பாண்டிராஜும், விடுதி மேலாளரும் தத்தமக்குத் தெரிந்த அளவில் கூறியிருக்கிறார்கள். அந்த மட்டில் எவரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் பெயர் சங்கிலி. வயது அறுபத்தொன்று. பேரையூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தேன். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கு அனுப்ப வேண்டிய வயதில் என்னை ஆடுகளோடு மலைக்கு அனுப்பினார்கள். நாற்பது வயதைக் கடந்த பிறகு, மதுரையில் ஆனிமேரி டீச்சர் நடத்திய மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். அதற்குப் பின்னர், வைகையின் வடகரையில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் மலை வழிகாட்டியாகச் சேர்ந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

எங்கள் பணியைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது அவசியம். விருந்தினர் ஒரு வாரம் மதுரையிலேயே தங்குவார்கள். நாள்தோறும் விடியற்காலையில் வேன் அவர்களை ஒரு மலைக்கு அழைத்துச் செல்லும்; மாலையில் விடுதிக்குத் திரும்பக் கொண்டுவரும். அவர்கள் கூடாரம் அடிப்பதில்லை; சுமை தூக்குவதில்லை. மாலையில் கால்களை நனைத்துக்கொள்ள உப்பிட்ட வெந்நீர் கிடைக்கும். மெத்தையில் உறங்கி, மறுநாள் வேறொரு மலையில் நடப்பார்கள். வழிகாட்டிகள் இருவர். ஒருவர் முன்னால் நடப்பார். அவர்தான் வழியையும் இடத்தின் வரலாற்றையும் சொல்பவர். மற்றவர் அனைவருக்கும் பின்னால், கடைசியாக நடப்பார்.

தடம் இரண்டாகப் பிரியும் இடங்களில், போகக்கூடாத தடத்தின் குறுக்கே முன்னால் நடப்பவர் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போடுவார். இது ஆடு மேய்ப்பவர்களின் வழக்கம். விடுதிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் நான். கொப்பு கிடந்தால் அந்தப் பக்கம் ஆபத்து என்று பொருள். விருந்தினர் அனைவரும் கடந்த பிறகு, கடைசியாக நடப்பவர் அந்தக் கொப்பை எடுத்து அப்பால் எறிந்துவிட வேண்டும். எறியாவிட்டால், பின்னால் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் வருவோர், யானையோ வேறெதுவோ நிற்பதாக எண்ணித் திரும்பிவிடுவார்கள். மலையில் கிடக்கும் கொப்பு ஒரு சொல்லைப் போன்றது. பயன் முடிந்த சொல்லை அங்கேயே விட்டுவைக்கக் கூடாது.

விருந்தினரிடம் இதன் முதற்பாதியை மட்டுமே கூறுவோம். கொப்பு கிடக்கும் வழியில் போகாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். கொப்பை எடுப்பதைப் பற்றிச் சொல்வதில்லை. அது அவர்களுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

அந்த வாரம் வந்தவர்களில் கிளமெண்ட் அவர்களும் ஒருவர். திண்டுக்கல்லில் ஒரு மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மனைவி இறந்த பிறகு வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவரை, சென்னையில் பணிபுரியும் மகள் ஆஷ்லின் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். அவர் மெல்ல நடப்பார். ஆனால் நின்றுவிட மாட்டார். எல்லோரிடமும் அன்பாகப் பேசுவார். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை கீழக்குயில்குடிக்குச் சென்றோம். சமணர் மலையில் ஏறி, துறவியர் உறங்கிய கற்படுக்கைகளின் அருகே விருந்தினரை அமரவைத்து, வழக்கம்போல் அவற்றின் வரலாற்றைக் கூறினேன். அந்த உரையை நான் பல ஆண்டுகளாகச் செதுக்கி வைத்திருக்கிறேன். அதில் தேவையற்ற சொல் ஒன்றும் இல்லை. முடித்தபோது கிளமெண்ட் அவர்கள் கைதட்டினார். பிறகு புன்னகையோடு, "ரொம்ப நல்லாச் சொன்னீங்க சங்கிலி. ஆனா பாடப் புத்தகத்த ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. நம்ம வீட்டுல பேசுற மாதிரியே சொல்லுங்களேன், இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

விருந்தினர் சிரித்தார்கள். அதில் இழிவு எதுவும் இல்லை. என் உதவியாளனாக அன்று பின்னால் நின்ற பாண்டிராஜும் சிரித்தான். அவன் அவனியாபுரத்து இளைஞன். எப்போதும் கேலி பேசுபவன். "அண்ணே வீட்டுலயும் இப்படித்தான் சார். சோறு வேணும்னாக்கூட 'உணவு பரிமாறுக'ன்னுதான் கேப்பாரு" என்றான். மீண்டும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் நாகமலைத் தொடரில் நடந்தோம். அன்று மாலை, மேலாளர் தாமரைச்செல்வி என்னைத் தம் மேசைக்கு அழைத்தார். கிளமெண்ட் அவர்கள் முறையிடவில்லை என்றும், பாண்டிராஜ் பேசினால் கேட்பதற்கு இலகுவாக இருக்கும் என்று மட்டுமே கூறினார் என்றும் விளக்கினார். "நாளைல இருந்து பாண்டி முன்னால போகட்டும்ணே. நீங்க பின்னால வாங்க. வயசாகுதுல்ல, ஒங்களுக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்" என்றார். நல்லது என்று கூறிவிட்டு வந்தேன். விருந்தினரின் விருப்பம் அறிந்து நடப்பதே விடுதிப் பணியின் அடிப்படை. அன்று நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக உறங்கினேன். மனத்தாங்கல் இருந்திருந்தால் அவ்வாறு உறங்கியிருக்க இயலாது.

புதன்கிழமை நாங்கள் சென்றது நான் ஆடு மேய்த்த மலை. கல்லுப்பட்டியில் தேநீருக்காக வேன் நின்றது. பேரையூரைக் கடந்து அடிவாரத்தை அடைந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. பாண்டிராஜ் முன்னால் நடந்தான். மலையைப் பற்றி அவன் அதிகம் கூறவில்லை. முந்தைய வாரம் அவனியாபுரம் சல்லிக்கட்டில் தன் அண்ணனின் காளை யாரிடமும் பிடிபடாமல் போனதையும், வாடிவாசலுக்கு வெளியே அது ஒரு போலீஸ்காரரின் தொப்பியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஓடியதையும் சொன்னான். விருந்தினர் அவனை நெருங்கி நடந்தார்கள். ஆஷ்லின் அவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கிளமெண்ட் அவர்கள் வழக்கம்போல் சற்றுப் பின்தங்கினார். எனவே நானும் அவரும் ஏறத்தாழ சேர்ந்தே நடந்தோம்.

சட்டிப்பாறைக்கு மேலே தடம் பிரிகிறது. இடப்பக்கத் தடம் குறுகலானது. இரண்டு பாறைகளுக்கு இடையே நுழைந்து சுனைக்கு ஏறுகிறது. வலப்பக்கத் தடம் அகலமானது. ஆடுகள் நடந்து நடந்து பதிந்தது. புதிதாக வருபவர் எவரும் வலப்பக்கமே திரும்புவர். ஆனால் அது ஆளுயரப் புல்லுக்குள் சிறிது தொலைவு சென்று, ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் முடிந்துவிடும். விளிம்பைப் புல் மறைத்திருக்கும். ஆடுகள் அங்கே நின்றுவிடும், மனிதர்கள் நிற்பதில்லை.

பாண்டிராஜ் ஓர் உசிலங்கொப்பை ஒடித்து வலப்பக்கத் தடத்தின் குறுக்கே போட்டான். சரியாகவே போட்டான். விருந்தினர் இடப்பக்கம் ஏறிப் பாறைகளுக்குப் பின்னால் மறைந்தார்கள். அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே கிளமெண்ட் அவர்கள் ஒரு கல்லின் மீது அமர்ந்து காலணியைக் கழற்றினார்.

"முள்ளு ஏறிருச்சு சங்கிலி. நீங்க நடங்க, ரெண்டு நிமிசத்துல வாரேன்" என்றார்.

நான் நடந்தேன். பிரிவை அடைந்தபோது குனிந்து கொப்பை எடுத்தேன். புல்லுக்குள் எறிந்தேன். பிறகு இடப்பக்கப் பாறைகளுக்கு இடையே நுழைந்து மேலே சென்றேன். கடைசியாக நடப்பவர் செய்ய வேண்டிய வேலையையே செய்தேன். அதைச் செய்த நேரத்தைப் பற்றித்தான் இப்போது பேசுகிறோம்.

சுனையில் உணவுப் பொட்டலங்களைப் பிரித்தபோது, அப்பா எங்கே என்று ஆஷ்லின் கேட்டார். பின்னால் வருகிறார் என்றேன். சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டார். அப்போது பாண்டிராஜ் எழுந்தான். விருந்தினரை விட்டு முன்னால் நடப்பவர் அகலக் கூடாது என்று அவனுக்கு நினைவூட்டிவிட்டு, நான் மட்டும் இறங்கினேன்.

அவரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஓடைக்குள் இறங்க, கீழ்ப்பக்கமாகச் சுற்றிச் செல்லும் ஒரு வழி உண்டு. விழுந்த குட்டிகளைத் தூக்கிவர நாங்கள் பயன்படுத்திய வழி அது. ஊரில் இப்போது ஆடு வைத்திருப்பவர் யாரும் இல்லாததால் அதை அறிந்தவரும் இல்லை. கிளமெண்ட் அவர்கள் பாறையில் சாய்ந்து கிடந்தார். வலது தொடை முறிந்திருந்தது. நெற்றியில் இரத்தம் உறைந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"வந்துட்டீங்களா. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். தண்ணீர் கேட்டார். அவர் தலையைத் தாங்கிப் பிடித்து என் பாட்டிலிலிருந்து கொடுத்தேன். குடித்த பின் அவர் பேசியதை நான் மறக்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க கொப்ப எடுத்ததப் பாத்தேன் சங்கிலி. பெறகு குனிஞ்சு முள்ளப் புடுங்கிட்டு நிமிந்தா ஆளக் காணோம். சரி, வழியத் தொறந்து விட்டுட்டீங்க, இதான் பாதன்னு நெனச்சு வந்துட்டேன். நான் பின்னால ஒக்காந்திருக்கத மறந்துட்டீங்கபோல."

பாட்டிலை மூடினேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. ஒங்க மேல தப்பில்ல. ரெண்டு கெழவனுங்க சேந்து நடந்தா இப்படித்தான் ஆகும். அந்தப் பொண்ணு தாமரைச்செல்விகிட்ட நானே பேசுறேன். மறதி எல்லாருக்கும் உள்ளதுதான், இதுக்காக வேலைய விட்டு எடுத்துறாதீங்கன்னு சொல்றேன்."

ஆட்களை அழைத்து வருவதாகக் கூறி எழுந்தேன். அழைத்து வரவே எண்ணினேன். ஏறும்போதுதான் சிந்தித்தேன். அவர் சொன்னதைச் செய்பவர். விடுதிக்குத் திரும்பியதும், கட்டுப்போட்ட காலோடு சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, எல்லோர் முன்னிலையிலும் எனக்காகப் பரிந்து பேசுவார். சங்கிலி நல்லவர், பாவம், மறந்துவிட்டார் என்பார். அதை அன்போடு சொல்வார். அன்போடு சொல்லப்பட்டதை மறுக்க முடியாது. அடுத்த வாரம் வருபவர்களுக்கும் அது தெரியும். முன்னால் நடக்கும் தகுதியை இழந்தவன், பின்னால் நடக்கவும் தகுதியற்றவன் ஆவான்.

சுனையை அடைந்தபோது, அவரைக் காணவில்லை என்று கூறினேன். பிரிவில் கொப்பும் இல்லை என்றேன். வலப்பக்கத் தடத்தில் பள்ளத்தின் விளிம்புவரை சென்று பார்த்துவிட்டதாகவும், அங்கே அவர் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். பாண்டிராஜின் முகம் வெளிறியது. "போட்டேன்ணே. சத்தியமாப் போட்டேன்" என்றான். போட மறந்திருக்கலாம் என்று அமைதியாகக் கூறினேன்.

பிறகு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். விருந்தினரை வேனில் அனுப்பினோம். ஆஷ்லின் மட்டும் போக மறுத்தார். வனக் காவலர்கள் வந்தார்கள்; ஊரார் வந்தார்கள். மலையை அறிந்தவன் என்ற முறையில், யார் எங்கே தேடுவது என்று பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது. ஊராரையும் காவலர்களையும் வடக்கு மேட்டுக்கு அனுப்பினேன். பாண்டிராஜையும் ஆஷ்லினையும் என்னோடு வைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்தபோது விசில் ஒலி கேட்டது. ஒவ்வொரு விருந்தினரின் கழுத்திலும் விடுதி ஒரு விசிலை மாட்டி அனுப்புகிறது. ஓடைப் பள்ளத்தில் எழும் ஒலி பாறைகளில் பட்டுத் திரும்புவதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்று புதியவர்களால் கணிக்க இயலாது. மூன்று முறை கேட்டது. சிறிது இடைவெளிக்குப் பின் மீண்டும் மூன்று முறை.

பாண்டிராஜ் நின்றான். "அண்ணே, கேட்டீங்களா? நம்ம விசில் மாதிரில்ல இருக்கு."

"ஆடு பத்துற சீட்டி மாப்ள. அங்கிட்டு மேற்க கெட போட்டுருக்காங்க. பொழுது சாயவும் ஓட்டுறாங்க" என்றேன்.

"அப்பாவுக்கு மூணு தரம் ஊதச் சொல்லிக் குடுத்தாங்க ஐயா" என்றார் ஆஷ்லின்.

"ஆட்டுக்காரனும் அப்பிடித்தான் தாயி ஊதுவான். நான் இங்கன ஊதுன சீட்டிதான அது, எனக்குத் தெரியாதா" என்றேன். அன்று மாலை என் பேச்சில் புத்தக வாசனை சிறிதும் இல்லை என்பதை நானே கவனித்தேன். கிளமெண்ட் அவர்கள் விரும்பியது எத்தனை எளிது என்று தோன்றியது.

ஆஷ்லின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சில நொடிகள் கடினமானவை. மூன்றாம் முறையாக விசில் கேட்டது. இம்முறை ஒலி மெலிந்திருந்தது. பாண்டிராஜ், பள்ளம் இருந்த தெற்குப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அவன் தோளில் கை வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே வடக்கு ஓடையைப் பார்த்துவிட வேண்டும் என்றேன். அவன் ஆஷ்லினைப் பார்த்தான். ஆஷ்லின் தலையசைத்தார். இருவரும் என்னைப் பின்தொடர்ந்தார்கள். அன்று நான்தான் முன்னால் நடந்தேன்.

இருட்டிய பிறகு யானை நடமாட்டம் காரணமாகத் தேடுதலை நிறுத்தினார்கள். அடிவாரத்தில் வேனுக்குள் அமர்ந்திருந்த ஆஷ்லினுக்குத் தேநீர் கொண்டு சென்றேன். அவர் டம்ளரை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் ஐயா நான் ஒக்காந்திருக்கேன்" என்றார். தேநீர் ஆறிவிடும் என்று நினைவூட்டினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் மீண்டும் தேடத் தொடங்கினோம். தீயணைப்புத் துறையினரும் வந்திருந்தார்கள். தெற்குப் பக்கத்தை நான் தனியே மீண்டும் பார்த்துவிடுகிறேன் என்று கூறிச் சென்றேன். எட்டு மணியளவில் ஓடைக்குள்ளிருந்து விசில் ஊதி எல்லோரையும் அழைத்தேன். அவர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். கிளமெண்ட் அவர்களின் உடல் அங்கே இருந்தது. இரத்த இழப்பும், குளிரும், தாகமும் காரணம் என்று மருத்துவர் எழுதினார். அவர் எழுதியதில் பிழை இல்லை. முழுமை இல்லை, அவ்வளவே.

முதல் மூன்று நாட்கள் பாண்டிராஜைத்தான் விசாரித்தீர்கள். அவன் அழுதான் என்று கேள்விப்பட்டேன். பிறகு, விருந்தினர் ஒருவர் தம் கைபேசியில் எடுத்திருந்த படத்தை அனுப்பினார். அதில் பாண்டிராஜ் கொப்பைப் போட்டுவிட்டு நிமிர்வது தெளிவாகத் தெரிந்தது. என்னை அழைத்துக் கேட்டீர்கள். கொப்பை எடுத்தவன் நான் என்று உடனே ஒப்புக்கொண்டேன்.

அந்த நொடி முதல் எல்லோரும் என்னிடம் மிகுந்த பரிவு காட்டத் தொடங்கினார்கள். பாண்டிராஜ், தன் மீது பழி விழக் காரணமானவன் நான் என்று அறிந்தும், தங்கள் முன்னிலையில், "அண்ணனுக்குக் கொஞ்ச நாளாவே ஞாபகம் முன்ன மாதிரி இல்ல சார். நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்" என்றான். தாமரைச்செல்வியும் அதையே கூறினார். என்னைப் பின்னால் அனுப்பியதே அதனால்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். அது உண்மையன்று. ஆஷ்லின் திண்டுக்கல்லில் அடக்கம் முடிந்து, கருப்பு உடையோடு இங்கே வந்தார். நான் நிலைய வாசல் பெஞ்சில் அமர்ந்திருந்தேன். "அவரு வேணும்னு செய்யல சார். வயசானவரு, மறந்துட்டாரு. அப்பா இருந்தாலும் மன்னிச்சிருப்பாரு. அவர விட்டுருங்க" என்றார்.

தாங்களும் இரக்கம் மிக்கவர். கவனக்குறைவு, வயது மூப்பினால் ஏற்பட்ட மறதி என்று தட்டச்சு செய்து, கையொப்பமிட்டால் ஜாமீனில் போய்விடலாம் என்றீர்கள். என் பேத்தி கனகா எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். செய்தித்தாளை எனக்கு முன்பே படித்துவிடுவாள். தாத்தா ஒரு மனிதரை மலையில் மறந்துவிட்டு வந்தார் என்று அவள் படிக்க வேண்டும். அதற்கு நான் கையொப்பமிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் நான் எந்த விருந்தினரையும் மறந்ததில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுகிறவன். புதன்கிழமையும் எண்ணினேன். பிரிவைக் கடந்தவர்கள் அறுவர், கல்லின் மீது அமர்ந்திருந்தவர் ஒருவர் என்பதை நன்கு அறிந்த பிறகே குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கிறார் என்பதையும் அறிவேன். பார்க்கட்டும் என்றுதான் கொப்பைச் சற்று உயர்த்திப் பிடித்தேன்.

ஆகவே வியாழக்கிழமைக் காலையையும் உள்ளவாறு எழுதுகிறேன்.

நான் சென்றபோது கிளமெண்ட் அவர்கள் உயிரோடு இருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. உடல் குளிரில் நடுங்கியது. விழிகள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தன. ஆள் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு கொடுத்தேன். அவர் அருகே பாறையில் அமர்ந்தேன். அவரை எதுவும் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. அவராகவே அடங்கிவிடுவார் என்று தோன்றியது. வடக்கே இருப்பவர்கள் நண்பகல் வரை இப்பக்கம் வரமாட்டார்கள் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு தவறியது. தலைக்கு மேலே, புல்லுக்குள், காலடி ஓசை கேட்டது. பாண்டிராஜும் ஆஷ்லினும் நான் அனுப்பிய இடத்துக்குப் போகவில்லை. முந்தைய மாலை கேட்ட விசில் அவர்களை உறங்கவிடவில்லை என்று பின்னர் அறிந்தேன். "அப்பா" என்று ஆஷ்லின் கூப்பிட்டார். குரல் மிக அருகில் கேட்டது. விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்திருந்தால் எங்களைக் கண்டிருப்பார்.

கிளமெண்ட் அவர்கள் அந்தக் குரலைக் கேட்டார். அவர் கை மெல்ல எழுந்து மார்பில் கிடந்த விசிலைத் தொட்டது. அதை நான் வாங்கிக்கொண்டேன். அவர் வாயைத் திறந்தார். என் வலக்கையை அவர் வாயின் மீதும் மூக்கின் மீதும் வைத்தேன். அவர்கள் கடந்து செல்லும்வரை மட்டுமே வைத்திருப்பது என் நோக்கம். ஆனால் அவர்கள் மெதுவாக நடந்தார்கள். ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்தார்கள். பாண்டிராஜ், "சார், சத்தம் குடுங்க சார்" என்று நின்று நின்று கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் பதிலுக்காகக் காத்திருந்தான். தேடுதல் என்பது அவ்வாறுதான் நடக்க வேண்டும். அதில் குறை சொல்ல இடமில்லை.

அவர் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன, பலம் இல்லை. கண்கள் என் கண்களையே பார்த்தன. முதலில் அவற்றில் வியப்பு இருந்தது. பிறகு அந்த வியப்பு மறைந்தது. நான் எதையும் மறந்தவன் அல்லன் என்பதை அவர் அப்போது உணர்ந்துகொண்டார். அது எனக்கு ஓரளவு நிறைவளித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

காலடி ஓசை மேற்கே போய்த் தேய்ந்த பிறகுதான் கையை எடுத்தேன். அவர் சட்டையைச் சரிசெய்தேன். கண்களை மூடினேன். உடனே எல்லோரையும் அழைப்பது முறையாக இருக்காது என்று சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருந்தேன்.

தட்டச்சு செய்த தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இதில் கையொப்பமிட்டிருக்கிறேன். தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தந்தை அந்தப் பள்ளத்தில் யாருமின்றித் தனியே இறந்தார் என்று எண்ணி எண்ணி ஆஷ்லின் அவர்கள் வருந்துவதாக ஏட்டையா கூறினார். அவ்வாறில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் மனம் ஆறும். அவருடைய தந்தையின் மூச்சு நிற்கும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன். அப்போது காலை மணி ஏழு இருபத்திரண்டு.